மாப்பிள்ளை விட்டுப்போன மேஜரும் கர்னலும்

அங்காளம்மன் துணை

பருத்திப்பட்டு,
சித்திரபானு வருஷம், மாசி மாதம்.

சித்தூரில் ஆபீஸ் உத்தியோகத்தில் அமர்ந்திருக்கும் மாப்பிள்ளை ஜானகிராமன் அவர்களுக்குத் தங்கள் மைத்துனன் கங்காதரன் அநேக வந்தனத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும் என் தங்கை தாட்சாயிணியும் சுகமா என்று முதலில் கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இவ்விடம் மாடு கன்று, கிணறு, கத்தரித் தோட்டம், என் பெண்சாதி பூங்காவனம் யாவும் சௌக்கியம். நான் ஒருவன்தான் சௌக்கியமாக இல்லை. இந்தக் கடிதம் கண்டவுடன் ஆபீசில் என்ன பொய்யாவது சொல்லி லீவு வாங்கிக்கொண்டு, நிற்கவாவது இடம் கிடைக்கிற ரயிலில் ஏறி, வெள்ளிக்கிழமை பொழுது விடிவதற்குள் ஆவடியில் இறங்கி எங்கள் ஊருக்கு வரவும். வந்து பஞ்சாயத்துக்கு முன்னால் நின்று, “இந்த நாய் இரண்டும் என்னுடையவை, மச்சானுக்கும் இவைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, இவைகள் செய்த காரியத்துக்கெல்லாம் நானே ஜவாப்தாரி” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, நாய்களைக் கையோடு அழைத்துப் போகவும். இல்லாவிட்டால் என் பாட்டனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுத் தலையில் கட்டுகிற அம்மன் பரிவட்டம் என் பங்காளி செங்கல்வராயன் தலையில் ஏறிவிடும். அந்தத் தலையைத் தாங்கள் கல்யாணத்தில் பார்த்திருக்கிறீர்கள். அதில் பரிவட்டத்தைப் பார்த்துவிட்டு நான் உயிரோடு இருப்பேனா என்று யோசித்துப் பார்க்கவும்.

போன சித்திரையில் ஜப்பான்காரன் பட்டணத்தின் மேல் குண்டு போடப் போகிறான் என்று ஊரே மூட்டை கட்டியபோது, உங்கள் ஆபீசைச் சித்தூருக்கு மாற்றியதும், தாங்கள் ஜட்கா வண்டியில் வந்து இறங்கியதும், வண்டிக்குள்ளிருந்து தங்கையும் டிரங்குப் பெட்டியும் இறங்கும் என்று நான் கை நீட்டியபோது காது தொங்கும் குட்டி நாய் இரண்டு என் கையில் இறங்கியதும் தங்களுக்கு ஞாபகம் இருக்கும். “கப்பலேறிப் போன துரை கொடுத்தது, உயர்ந்த சாதி, கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளுங்கள்” என்றீர்கள். கொஞ்ச நாள் என்றால் சித்தூர்ப் பக்கம் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. இங்கே குட்டிகள் கன்றுக்குட்டிகள் ஆகிவிட்டன. பெயராவது ஊர் உலகத்தில் வைக்கிற பெயராக வைத்தீர்களா? ஒன்று கர்னல், இன்னொன்று மேஜர். இப்போது ஆவடிப் பக்கமெல்லாம் பட்டாளத்துக்காரர்கள் கொட்டகை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் ரோட்டோரம் ஒரு பட்டாளத்து லாரி நின்றது. டிரைவர் கழற்றி வைத்திருந்த தொப்பியை மேஜர் கவ்விக்கொண்டு வயலுக்குள் ஓட, நான் பின்னாலேயே, “அடே மேஜர், நாசமாய்ப் போகிறவனே, தொப்பியைக் கீழே போடுடா!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். லாரியில் குந்தியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கீழே குதித்து விறைப்பாக நின்றார்கள். அவர்களுடைய மேஜர் எந்தக் கரும்புத் தோட்டத்தில் இருக்கிறார் என்று அவர்கள் தேடினதும், நான் நாயைக் காட்டினதும், அதற்கு அவர்கள் என்னைப் பார்த்த பார்வையும் எழுதி மாளாது.

இரண்டுக்கும் உள்ள ஒரே தொழில், கண்டதைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் வைப்பது. அதைப் பழக்கியது தாங்கள்தான் என்று தாட்சாயிணி சொல்லியிருக்கிறாள். பட்டணத்து மைதானத்தில் பந்தை வீசி எறிவீர்களாம், இதுகள் ஓடிப்போய்க் கொண்டு வருமாம், பார்க்கிறவர்கள் கை தட்டுவார்களாம். இங்கே யார் பந்து எறிகிறார்கள்? ஏரிக்கரையில் காய்ந்துகொண்டிருந்த செங்கல்வராயன் வேட்டி வந்தது. அடுத்த தெரு மருத்துவச்சியின் வெற்றிலைப் பை வந்தது. யாரோ ஒரு புண்ணியவானின் இடது கால் செருப்பு வந்தது, இன்றுவரை வலது காலைத் தேடுகிறேன். தினம் காலையில் எழுந்தால் ஊரார் சாமானை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதே எனக்கு வேலை. எல்லோரும் வாங்கிக்கொண்டு சிரிப்பார்கள். செங்கல்வராயன் மட்டும் வேட்டியைப் பிரித்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நாய் எடுத்துக்கினு வந்துச்சா, நாயை வுட்டு எடுத்தாந்தியா அண்ணாத்தே?” என்றான். அன்றே நான் இதுகளைச் சாக்கில் கட்டி ரயிலேற்றியிருக்க வேண்டும். பூங்காவனம் விடவில்லை. “வாயில்லா ஜீவன், அதுங்களுக்கு இன்னா தெரியும்?” என்பாள். எனக்கு வாய் இருக்கிறது என்பதனாலேயே என்னிடம் அவள் இவ்வளவு பரிவாக ஒரு நாளும் பேசியதில்லை. எனக்குத் தெரியாமல் கூழில் மோர் ஊற்றிப் பிசைந்து வைக்கிறாள். எனக்கு நீராகாரம்.

இனி நடந்த விபரீதத்துக்கு வருகிறேன். தாங்கள் புரசைவாக்கத்தில் பிறந்தவர், எங்கள் மயானக் கொள்ளை வழக்கம் முழுசாகத் தெரிந்திருக்காது, ஆகையால் விவரமாக எழுதுகிறேன். மாசி அமாவாசைக்கு ஊர்ச் சுடுகாட்டில் ஏரி வண்டலைப் பிசைந்து அம்மன் உருவத்தைப் படுத்த வாக்கில் செய்ய வேண்டும். அதன் மேல் கொழுக்கட்டை, அவித்த வள்ளிக்கிழங்கு, மொச்சை, முட்டை, கருவாடு எல்லாம் குவிப்பார்கள். பூசாரி காளி வேஷம் கட்டிக்கொண்டு ஊர்வலமாக வந்து அதைச் சுற்றி ஆடி மிதித்த உடனே ஜனங்கள் விழுந்து அள்ளுவார்கள், அதுதான் கொள்ளை. அள்ளினதை வயலில் தூவினால் விளைச்சல் கூடும். இதில் உருவம் செய்கிற பாத்தியதை எங்கள் வீட்டுக்கு, முதல் பிடியும் எங்களுக்கு, காப்பு அவிழ்க்கிற வெள்ளிக்கிழமை பரிவட்டமும் எங்களுக்கு. பதிலுக்கு ஒரு கடுமையான விரதம் உண்டு. மண்ணில் கை வைத்தது முதல் பூசாரி வந்து அவிழ்க்கிற வரைக்கும் செய்கிறவன் வாயில் மஞ்சள் துணி கட்டியிருக்க வேண்டும், ஒரு வார்த்தை பேசக் கூடாது. படையல் குவித்த பிறகு அம்மன் காலடியில் போட்ட பாயை விட்டு எழுந்திருக்கவும் கூடாது. மற்றவர்கள் எல்லோரும் ஊர்வலத்துக்குப் போய்விடுவார்கள். அவன் ஒருத்தன்தான் சுடுகாட்டில் காவல். என் அப்பா சாகும்போது நிலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, “மண்ணு பிசையறதை வுட்றாதடா கங்காதரா” என்று இதைத்தான் சொன்னார். பரிவட்டம் எனக்கு வெறும் துணி இல்லை என்பது தங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதினேன்.

நாய்களை மாட்டுக் கொட்டகையில் தாம்புக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் போனேன். பூங்காவனம் ஊர்வலம் பார்க்கக் கிளம்பும்போது, “பாவம், கத்திக்கினே கீதுங்க” என்று தண்ணீர் காட்ட அவிழ்த்திருக்கிறாள். அவ்வளவுதான். படையல் குவித்தாயிற்று, எல்லோரும் போயாயிற்று, நான் வாய்க்கட்டோடு பாயில் அமர்ந்து தாயே என்று கண்ணை மூடினேன், காதுக்குள் ஈரமாக ஏதோ நக்கியது. கண்ணைத் திறந்தால் கர்னல். அந்தப் பக்கம் மேஜர். போ என்று கத்த முடியாது, எழுந்து விரட்டவும் முடியாது. கையை ஓங்கினேன். எங்கள் ஊர் நாயாக இருந்தால் கை ஓங்கும்போதே அடுத்த ஊர் எல்லையில் இருக்கும். இதுகள் வாலை ஆட்டிக்கொண்டு என் கையையே ஆவலாகப் பார்த்தன. சரி என்று ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினேன். மாப்பிள்ளை, நாயைக் கண்டால் கல்லை வீசுவது பிறந்தது முதல் எங்களுக்கு வந்த புத்தி, வேறு என்ன செய்யத் தெரியும்? கர்னல் பாய்ந்து போய் அதைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் வைத்துவிட்டு, இன்னொரு தரம் என்கிற மாதிரி குந்தியது.

பெரிய கட்டியாக எடுத்து மேஜர் மேல் வீசினேன். அது தப்பி அம்மன் வயிற்றுப் பக்கம் படையலுக்குள் போய் விழுந்தது. மேஜர் போய் மோந்து மோந்து தேடியது. கட்டி கிடைக்கவில்லை போலிருக்கிறது, ஒரு கொழுக்கட்டையைக் கவ்விக்கொண்டு வந்து பூப்போல வைத்தது, ஒரு பல் தடம் இல்லை. எனக்கு உயிரே போயிற்று. படைத்ததை எடுத்தால் குற்றம் அல்லவா? திருப்பி வைக்க வேண்டும், எழுந்திருக்கக் கூடாது. ஆகவே இருந்த இடத்திலிருந்தே அந்தக் கொழுக்கட்டையை அம்மன் மேல் எறிந்தேன். அங்கேதான் நான் கெட்டேன். கர்னல் அதையும் கொண்டு வந்தது, மேஜர் துணைக்கு ஒரு கிழங்கும் கொண்டு வந்தது. நான் கிழங்கை எறிந்தேன், முட்டை வந்தது. முட்டையை எறிந்தேன், கருவாடு வந்தது. நான் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கக் கொடுக்க அதுகள் இரட்டையாகக் கொண்டு வந்தன. கை சோர்ந்து நான் எறிவதை நிறுத்தியும் அதுகள் நிறுத்தவில்லை, விளையாட்டு அவ்வளவு பிடித்துப்போயிற்று. அதுகள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், எனக்கு அழுகை. மேஜர் ஒரே ஒரு கருவாட்டைத் தின்றது. மற்றபடி ஒன்றையும் ருசி பார்க்கவில்லை என்பதை அம்மன் அறிய எழுதுகிறேன்.

தூரத்தில் பம்பைச் சத்தம் கேட்டது. அம்மன் உருவம் துடைத்து விட்டாற்போலக் கிடந்தது, படையல் முழுதும் என் மடியருகே மலையாகக் கிடந்தது. பதற்றத்தில் ஒருத்தனுக்குப் புத்தி எங்கே போகும் என்று இப்போது கேட்காதீர்கள். என் மேல்துண்டை எடுத்து அந்தக் குவியலை மூடிவிட்டேன். ஊரே வந்து நின்று பார்த்தது என்னவென்றால், காலியான அம்மன், வாய் கட்டிய நான், என் பக்கத்தில் துண்டு போட்டு மூடிய மூட்டை, இரண்டு பக்கமும் காவலுக்கு நாய். பம்பைக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். பூசாரி வேம்புலி காளி வேஷத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு கத்தியோடு வந்தவன், நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, சாதாரணக் குரலில், “இன்னா அண்ணாத்தே இது?” என்று கேட்டான். நான் “ம்ம், ம்ம்ம்” என்று நாயைக் காட்டினேன். நாய்கள் என்னைப் பார்த்து வாலை ஆட்டின. செங்கல்வராயன் முன்னால் வந்து துண்டின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தான். “பாத்துக்கோங்கடா! முதல் பிடி இவுரு ஊட்டுக்குன்னு குடுத்தோம். இவுரு மொத்தப் பிடியும் எடுத்து மூட்டை கட்டிக்கினு குந்திகினுகீறாரு!” என்றான்.

அதற்கு மேல் ஒன்றும் சொல்ல அவசியமே இருக்கவில்லை. படையல் எங்கே இருக்கிறதோ அங்கே விழுந்து அள்ளுவதுதான் வழக்கம். படையல் என்னிடம் இருந்தது. ஜனம் என் மேல் விழுந்தது. அம்மனுக்கு நடக்க வேண்டிய கொள்ளை எனக்கு நடந்தது, மாப்பிள்ளை. கொழுக்கட்டையோடு என் துண்டு போயிற்று, இடுப்பு வேட்டி போயிற்று, பாய் போயிற்று. கர்னலும் மேஜரும் இதைவிடப் பெரிய விளையாட்டு உண்டா என்று கூட்டத்துக்குள் புகுந்து குதித்தன. எல்லோரும் போன பிறகு கோவணத்தோடும் வாய்க்கட்டோடும் கிடந்த என்னைப் பூங்காவனம்தான் வந்து தூக்கி உட்கார வைத்துத் துணியை அவிழ்த்தாள். விரதம் முடிந்தவன் வாயிலிருந்து முதல் வார்த்தையாகத் தாயே என்று வர வேண்டும். என் வாயில் வந்ததை எழுதினால் இந்தக் கடிதத்தைத் தபால்காரன் தொட மாட்டான்.

மறுநாள் பஞ்சாயத்து. நாட்டாண்மை உலகநாதன் நல்ல மனுஷன், என்னைப் பேசவிட்டார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, “ஏம்பா கங்காதரா, கொயக்கட்டையை வாயில கவ்விக்கினு, தின்னாம, எடுத்தாந்து மனுசன் கையில குடுக்கிற நாயை நீ பாத்துக்கிறியா? நான் பாத்ததில்லப்பா” என்றார். இப்போதே காட்டுகிறேன் என்று இரண்டையும் வரவழைத்து, சபைக்கு நடுவில் ஒரு கொழுக்கட்டையை வீசினேன். கர்னல் ஓடிப்போய் அதை லபக்கென்று விழுங்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று செங்கல்வராயன் மடியை மோந்தது. மேஜர் படுத்துத் தூங்கிவிட்டது. சபையே சிரித்தது. “நாய் மேல பயி போட்றாரு” என்றான் அவன். வெள்ளிக்கிழமைக்குள் நான் சொன்னதை ருசுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் மண் பிசைகிற பாத்தியதையும் பரிவட்டமும் செங்கல்வராயனுக்கு என்று தீர்த்துவிட்டார்கள். ஏதோ இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னால்தான் ஒழுங்காகக் கொண்டு வந்து கொடுக்கும் என்று தாட்சாயிணி எப்போதோ சொன்ன ஞாபகம். அந்த வார்த்தை தங்களுக்குத்தான் தெரியும். ஆகவே தாங்கள் நேரில் வந்து, இவை தங்கள் நாய்கள் என்று ஒப்புக்கொண்டு, சபையில் வேடிக்கையைச் செய்துகாட்டி, என் மானத்தை மீட்டுக்கொடுத்து, நாய்களைக் கையோடு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். தங்களை நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன். இதுகள் இருக்கிற வீட்டில் இனி நான் ஒரு நாள்கூட இருக்க மாட்டேன்.

தங்கைக்கு என் ஆசீர்வாதம். ஜப்பான்காரன் அந்தப் பக்கம் வராமல் இருக்க அம்மன் காப்பாற்றட்டும். தங்களுக்குப் பிரமோஷன் உண்டாகட்டும், வீட்டில் சீக்கிரம் தொட்டில் ஆடட்டும். அங்கே வெயில் அதிகம் என்று கேள்வி, மோர் நிறையக் குடிக்கவும், எனக்குத்தான் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
மானம் போய் மூலையில் குந்தியிருக்கும்
கங்காதரன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒன்றையும் தாங்கள் நம்ப வேண்டாம். வர வேண்டாம். இதைத் தபாலில் போடக் கிளம்பின சமயத்தில் கோயிலில் பம்பை அடித்தது, போய்ப் பார்த்தால் பொன்னம்மாளுக்கு அருள் வந்து ஆடுகிறாள். பொன்னம்மாள் யார்? செங்கல்வராயனுடைய சொந்தப் பெண்சாதி! அவனேதான் கற்பூரம் ஏற்றி, “இன்னா குறை சொல்லு தாயே” என்று கேட்டான். “என் படையலைக் கொண்டாந்து என் புள்ள மடியில கொட்டினது என் காவக்காரங்கடா! பைரவர் ஊட்டு வாகனம்டா! அத்த வளத்தவன் தலையில கட்டுங்கடா பரிவட்டம்!” என்றாள். “நல்லா பாத்துச் சொல்லு தாயே” என்றான் அவன். முதுகில் வேப்பிலையால் ஒரு போடு போட்டாள். மறுபடியும் கேட்டான், மறுபடியும் போட்டாள். முந்தின நாள் சாயந்திரம் பூங்காவனமும் பொன்னம்மாளும் ஏரிக்கரையில் விளக்கு வைக்கிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது என்று பூங்காவனம் சொல்கிறாள், நானும் அப்படியே நினைக்கிறேன். உடனே நாட்டாண்மை என் பக்கம் திரும்பி, “நாய் யாருதுப்பா? பட்டணத்து மாப்பிள்ளையுதுன்னு நீதானே சொன்னே? அவருக்குத்தான் கட்டணும் போல கீதே” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஆத்திரத்துல சொன்னேங்க, ரெண்டும் நம்ம ஊட்டுக் கொட்டகையில பொறந்ததுங்க” என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். வளர்த்தவன் நான்தானே, கூழ் என் வீட்டுக் கூழ்தானே, அதனால் இதில் பொய் அதிகம் இல்லை. இப்போது இரண்டும் கழுத்தில் சாமந்தி மாலையோடு என் பாயில் படுத்திருக்கின்றன, நான் தரையில். ஆகவே தாங்கள் எந்தக் காலத்திலும் நாய் வளர்த்ததில்லை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும், தாட்சாயிணிக்கும் சொல்லிவைக்கவும். ஒருவேளை ஏதாவது காரியமாக இந்தப் பக்கம் வந்தே தீர வேண்டியிருந்து, தங்களைக் கண்டதும் இதுகள் ஊளையிட்டுக்கொண்டு ஓடி வந்து மேலே விழுந்து முகமெல்லாம் நக்கினால், தயவுசெய்து நாலு பேர் கேட்கும்படி, “சீ, சீ! இது யார் வீட்டு நாய்?” என்று கேட்கவும்.